மரங்கொத்திக்குச் செய்த பெட்டி

ஆவடிக்குப் பக்கத்துப் பட்டாபிராமில் மரங்கொத்திக்குப் பஞ்சமில்லை. 2016 வர்தா புயலில் எங்கள் தெருத் தென்னை ஒன்றுக்குத் தலை போய்விட்டது. அந்த மொட்டைத் தென்னையில் பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று பொந்து குடைந்தது. நான் தச்சன். உளி பிடித்தே வயதானவன். ஆனாலும் அந்த ஓட்டையின் விளிம்பைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். ஒரு பிசிறு கிடையாது.

செத்த மரத்தில் குடைவது சுலபம். மரங்கொத்திகளில் பெரும்பாலானவை அதைத்தான் செய்யும். அமெரிக்காவின் தென்கிழக்கில் ஒன்று மட்டும் பிடிவாதக்காரப் பறவை. ரெட்-காக்கேடட் உட்பெக்கர் என்பார்கள். மைனா அளவுகூட இருக்காது. அது உயிருள்ள பைன் மரத்தில்தான் வீடு கட்டும். அதிலும் அறுபது, எண்பது வயதைத் தாண்டிய மரமாக வேண்டும். பச்சைப் பைனில் வெளிப்பக்க மரம் முழுக்கப் பிசின். நடுவைரம் வரை போனால்தான் உலர்ந்த அறை கிடைக்கும். கிழ மரத்தின் வைரத்தில் ஒருவகைக் காளான் புகுந்து மெத்தென்று ஆக்கியிருக்கும். பறவை தேடுவது அதைத்தான். அப்படியும் ஒரு பொந்து முடியச் சில வருஷம் ஆகும். முடிந்த பிறகும் வாசலைச் சுற்றிச் சின்னச் சின்னதாகக் கொத்திக்கொண்டே இருக்கும். பிசின் வழிந்து மரமே மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். அதில் பாம்பு ஏற முடியாது.

இத்தனை நிபந்தனை போடும் பறவைக்குக் காடு போனால் என்ன கதி? வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை 9 கோடி ஏக்கரில் நின்ற நீள ஊசியிலைப் பைன் காடு, மரத்துக்கும் விவசாயத்துக்குமாகப் போய்க் கடைசியில் நூற்றில் மூன்று பங்குதான் மிஞ்சியது. 1970-ல் இந்தப் பறவையை அழியும் நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். 1970-களின் கடைசியில் ஏறக்குறைய 1,470 குடும்பக் கூட்டங்கள்தான் இருந்தன. கூட்டம் என்றால் நம் பழைய கூட்டுக்குடும்பம்தான்: முந்தைய ஈட்டில் பிறந்த பையன்கள் வீட்டோடு தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவார்கள்.

மிஞ்சிய காட்டைப் பூட்டிப் பாதுகாத்தால் போதும் என்றுதான் நாமும் சொல்லியிருப்போம். அது போதவில்லை. அந்தக் காடு நெருப்பில் வளர்ந்த காடு. மின்னலிலும் பழங்குடிகள் கையாலும் சில வருஷத்துக்கு ஒருமுறை தரையோடு தீ ஓடும். புல் எரியும், பைன் தாங்கிக்கொள்ளும். தீயை அறவே அணைத்த பிறகு ஓக் முதலான மரங்கள் அடியிலிருந்து பொந்து உயரத்துக்கு எழும்பின. பறவை வீட்டைக் காலி செய்துவிட்டது. அதனால் இப்போது வனத்துறையே நாள் பார்த்து, காற்றுப் பார்த்து, தானே தீ வைக்கிறது.

பட்டறையில் இதைச் சொன்னபோது உதவிக்கு இருக்கும் பையன், "காட்டைக் கொளுத்தினா குருவி செத்துடாதாண்ணே?" என்றான். நியாயமான கேள்வி. 2018-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் தீயில் இறந்ததைப் பார்த்தவர்கள் நாம். எல்லாக் காட்டுக்கும் தீ மருந்தாகாது. ஆனால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலைப் பழங்குடிகளான சோளகர்களைக் கேட்டால், தாங்கள் வைத்த தரைத்தீ 1974-ல் சரணாலயம் வந்த பிறகு நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது என்பார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் தெற்கு கரோலினாவின் பிரான்சிஸ் மேரியன் காட்டை முறித்துப் போட்டது. பொந்து மரங்களில் பத்தில் எட்டுக்கு மேல் போயின. பறவைகளில் பாதிக்கு மேல் மடிந்தன. பிழைத்தவற்றுக்கு இரவு தங்க இடமில்லை. புதுப் பொந்துக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க முடியுமா? நின்ற மரங்களில் ஏணி போட்டு ஏறி, செயின்சாவால் சதுரமாக வெட்டி, சீடர் மரத்தில் செய்த பெட்டியைச் செருகி, இடுக்கை அடைத்து, வாசலை மட்டும் திறந்து விட்டார்கள். பெட்டிக்குள் பிசின் கசிந்தால் குஞ்சு ஒட்டிச் செத்துவிடும். அதற்கும் தடுப்பு வைத்தார்கள். பெரிய மரங்கொத்திகள் வாசலைக் கொத்திப் பெரிதாக்காமல் உலோகத் தகடு அடித்தார்கள். பறவைகள் குடிவந்தன. நான் செய்த எந்த அலமாரியும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

ராணுவத்தின் பங்கைச் சொன்னால் ஆவடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் ஆவடி போல அங்கே வட கரோலினாவில் போர்ட் பிராக் பெரிய ராணுவ ஊர். பயிற்சித் திடலில் குண்டுப் பொறி பட்டுப் புல் அடிக்கடி எரிந்ததால் பைன் காடு திறந்தே இருந்தது, பறவையும் தங்கியது. 1990-களில் பறவைக்காகப் பயிற்சிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ராணுவத்தினர் முனகினார்கள். பிறகு அவர்களே காட்டைப் பராமரித்து, 2006-ல் அந்த வட்டாரத்துக்கு வைத்திருந்த பறவை மீட்பு இலக்கை எட்டினார்கள். தனியார் நிலத்தில் சிக்கல் வேறு: பறவை வந்தால் சட்டம் வரும் என்று பயந்து நிலக்காரர்கள் மரத்தை முன்கூட்டியே வெட்டினார்கள். காட்டை நன்றாக வைத்துக்கொண்டால் புதிதாக வரும் பறவைக்காகக் கூடுதல் கட்டுப்பாடு கிடையாது என்று 1995-ல் வட கரோலினாவில் ஒப்பந்தம் போட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் இறங்கி வந்தார்கள்.

இப்போது சுமார் 7,800 கூட்டங்கள். 2024 அக்டோபரில் பறவையை ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்று மட்டும் வைத்தார்கள். அது அவசரம் என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. என் ஓட்டும் அவர்களுக்கே. இன்று நட்ட பைன் கிழடாகி வைரம் மெத்தென்று ஆக இன்னும் பல பத்தாண்டு ஆகும். அதுவரை தீ வைக்க ஆள் வேண்டும், பழுதான பெட்டியைக் கழற்றி மாற்ற ஏணியோடு ஒருவர் வேண்டும், இரண்டுக்கும் வருஷா வருஷம் அரசு பணம் ஒதுக்க வேண்டும்.