கழுத்துக் கறுப்பு சொன்ன சேதி

எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவர்கள், சூளைக்கு அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். விரிசல் கண்டால் மண்ணை மறுபடி கரைத்துக் கொள்ளலாம். சுட்ட பின் முடியாது. என் வீட்டுக்காரருக்கும் அதுதான் தொழில். பொம்மையைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, பெற்ற பெண்ணைப் பார்க்கத் தெரியாமல் போயிற்றே!

மகளுக்கு 17 வயது. 12 வயதில் பெரியவளானாள். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கொரு தடவைதான். சமயத்தில் மூன்று மாதமும் ஆகும். "கல்யாணமானா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் மாமியார். நானும் விட்டுவிட்டேன். கழுத்தின் பின்புறம் கறுத்தபோது பயத்தமாவு போட்டுத் தேய்த்ததுதான் மிச்சம்.

போன வருஷம் காய்ச்சல் என்று எங்கள் குடும்ப டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கழுத்தைப் பார்த்தவர், "மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று என்னை அனுப்பிவிட்டார். முகவாயில் முளைத்த முடியை ரகசியமாகப் பிடுங்கிக் கொண்டிருந்ததை அவள் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள்!

பிறகு என்னைக் கூப்பிட்டு, "இவ வயித்துல இருந்தப்போ உங்களுக்குச் சர்க்கரை இருந்துதே?" என்றார். எனக்கே மறந்து போன விஷயம். புதிதாகப் பார்க்கிற டாக்டருக்கு இது எப்படித் தெரியும்?

எடை, ரத்த அழுத்தம் பார்த்தார். தைராய்டு, சர்க்கரை, ஆண் சுரப்பு இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. "ஸ்கேன் வேண்டாமா?" என்றேன். "பெரியவளாகி எட்டு வருஷம் வரைக்கும் ஸ்கேனை வெச்சு முடிவு பண்ணக் கூடாது. நல்லா இருக்கிற பொண்ணுக்கும் சினைப்பை அப்படித்தான் தெரியும்" என்றார்.

'பி.சி.ஓ.எஸ்.' என்றார்கள். நீர்க்கட்டி என்றதும் ஆபரேஷனோ என்று நடுங்கினேன். அது கட்டியே அல்ல, வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள்தானாம். 1935-லேயே சிகாகோ டாக்டர்கள் ஸ்டெயினும் லெவெந்தாலும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்தும், இது உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை தெரியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனிக்காமல் விட்டால் பின்னால் சர்க்கரை வரலாம், கர்ப்பம் தரிப்பது தாமதமாகலாம்.

தாய்மார்களே, இவற்றைக் கவனியுங்கள்:

* பெரியவளாகி 3 வருஷம் ஆன பின்பும் 21 நாளுக்குள்ளேயோ, 35 நாள் தாண்டியோ மாதவிலக்கு வருவது.
* முதல் வருஷம் கழிந்த பின் 90 நாள் வராமலே இருப்பது.
* முகத்தில் முடி, அடங்காத பரு, கழுத்துக் கறுப்பு.

ஒல்லிப் பெண்களுக்கும் இது வரும். காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். ஜலதோஷத்துக்குப் போனாலும் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது தினமும் காலையில் நானும் மகளும் சேர்ந்து நடக்கிறோம். பரோட்டாவும் கலர் பானமும் வீட்டுக்குள் வருவதில்லை. 68 கிலோ இருந்தவள் எட்டு மாதத்தில் 64 ஆனாள். டாக்டரம்மா தந்த மாத்திரையும் உண்டு. மாதவிலக்கு ஓரளவு ஒழுங்குக்கு வந்திருக்கிறது.

என் அக்கா மகளுக்கு இது தெரிந்தது கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத்தான். அதற்குள் அவள் கேட்காத பேச்சில்லை. வைத்தியத்தில் இப்போது கையில் குழந்தை இருக்கிறது. பெண் பொம்மையல்ல, பின்னாலும் சரி செய்யலாம். ஆனால் அந்த நாலு வருஷக் கண்ணீரை யார் திருப்பித் தருவார்கள்?