மருந்து அலமாரியும் மர்மக் கதையும்

துப்பறியும் நாவல்களை விரும்பிப் படிக்கும் நேயர்கள், அவற்றை எழுதும் ஸ்திரீகள் அந்த வித்தையை எங்கே கற்றார்கள் என்று யோசித்ததுண்டோ? கொலையும் விஷமும் எழுதுகிறவர்கள் ஏதோ விபரீதப் பிறவிகள் என்று எண்ணுவோரும் உளர். அகதா கிறிஸ்டி அம்மையாரின் சரித்திரம் அந்த ஐயத்தைப் போக்கும்.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் 1890-ல் பிறந்த இவ்வம்மையார், முதல் உலக யுத்தத்தின்போது காயமுற்ற சிப்பாய்களுக்குத் தாதியாயிருந்தார். பிறகு ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் அமர்ந்தார். எந்த மருந்து எத்தனை துளி, எதோடு எதைச் சேர்க்கலாகாது என்பதெல்லாம் அங்கே கற்ற பாடம். பயிற்சியளித்த மருந்துக்காரர் ஒருவர் 'குராரே' என்னும் கொடிய விஷக்கட்டியைச் சட்டைப்பையில் வைத்துத் திரிவாராம். அது தமக்கு ஒரு சக்தியைத் தருகிறது என்பாராம்! நாற்பது ஆண்டுகளுக்குமேல் அம்மையாரின் நினைவில் தங்கியிருந்த அம்மனிதர், 1961-ல் வந்த ஒரு நாவலுக்கு வித்தானார்.

முதல் நாவலின் சூழ்ச்சியும் அந்த அலமாரியிலிருந்தே வந்தது. ஸ்ட்ரிக்னைன் சேர்ந்த டானிக்கில் புரோமைடுத் தூளைக் கலந்தால் விஷம் மெல்ல அடியில் படிந்துவிடும். கடைசி வேளை மருந்தே யமன். "குலுக்கிக் குடிக்கவும்" என்று புட்டியில் ஒட்டிய சீட்டை நம் வீடுகளில்தான் யார் பார்க்கிறார்கள்! தூளைக் கலந்தவர் யாரென்று நாம் சொல்லப்போவதில்லை.

எழுதியது 1916-ல், அச்சேறியது 1920-ல். நடுவே பல பிரசுராலயங்கள் திருப்பியனுப்பின. ஏற்றவரோ, முடிவை மாற்றச் சொன்னதோடு, மேலும் ஐந்து புத்தகங்கள் தமக்கே தரவேண்டுமென்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். அம்மையார் கைக்கு வந்தது 25 பவுன். புத்தகம் அச்சாகிறதென்ற ஆனந்தத்தில் நிபந்தனைகளை அலசிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. சில ஆண்டுகளில் வேறொரு நாவலைத் தொடர்கதையாக வெளியிட ஒரு பத்திரிகை 500 பவுன் கொடுத்தது. தம் எழுத்தின் விலை அப்போதுதான் தெரிந்தது. மோட்டார் வண்டி வாங்கினார். ஒப்பந்தம் தீர்ந்ததும் வேறு பிரசுராலயத்துக்குப் போய்விட்டார்.

பி. டி. ஜேம்ஸ் அம்மையாருக்கு வாய்த்த பள்ளிக்கூடம் வேறு. யுத்தத்திலிருந்து மனநோயுடன் திரும்பிய கணவர். இரண்டு பெண் குழந்தைகள். ஆஸ்பத்திரி நிர்வாக ஆபீஸில் உத்தியோகம். விடியற்காலையில், வேலைக்குப் புறப்படுமுன் எழுதிய முதல் நாவல் 1962-ல் வெளிவந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 1968-ல் பரீட்சை எழுதி உள்நாட்டு இலாகாவில் சேர்ந்தார். போலீஸ், தடயப் பரிசோதனை பற்றிய விவரங்கள் அங்கே சம்பளத்துடன் கிடைத்தன. பெயர் பரவிய பின்னும் அச்சம்பளத்தை அவர் உதறிவிடவில்லை. அது விவேகம் என்றே நாம் கருதுகிறோம். 1979-ல்தான் உத்தியோகத்திலிருந்து விலகினார். பெரும்பணம் தந்த நாவல் மறுவருஷம் வெளிவந்தது.