0.4 மில்லிமீட்டரில் ஓடும் அம்பாசடர்

அம்பாசடரின் பானட்டைத் தூக்கினால் இன்றைய கார்களில் காணாத ஒரு சௌகரியம் கண்ணில் படும்: உள்ளே கை நுழைய இடம் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான இந்த வண்டியின் பழைய பெட்ரோல் மாடல்கள் காலையில் முரண்டு பிடித்தாலோ, மேட்டில் மிஸ்ஸிங் அடித்தாலோ, விவரம் தெரிந்தவர் முதலில் கழற்றுவது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத்தான். உள்ளே இருக்கும் சி.பி. பாயிண்ட்டை, அதாவது மின்சாரத்தை இணைத்தும் அறுத்தும் விடும் சுவிட்சை, வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். திருப்புளியும் ஃபீலர் கேஜும் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். பிளக்கில் தீப்பொறி தாவப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். வோல்ட்டை உயர்த்தித் தரும் காயிலுக்குள் தடித்த கம்பிச் சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்து மின்சாரம் வெடுக்கென்று அறுபட்டதும் அந்தப் புலம் சரிகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட் வரைகூட எகிறுகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல்தான். பேட்டரியால் இயங்கும் இந்த ஏற்பாட்டைக் காருக்கு ஏற்றபடி செதுக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் காடிலாக்கில் அது வந்தது.

ஆக, தீப்பொறி பிறப்பது பாயிண்ட் மூடும்போது அல்ல, திறக்கும்போது. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். டங்ஸ்டன் முனையே இதற்குத் தாக்குப்பிடிப்பதில்லை. ஒரு முனையில் குழி விழும், எதிர்முனையில் சின்ன மேடு கட்டும். பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் குதியும் தேயும். அது தேயத் தேய இடைவெளி சுருங்கி, பாயிண்ட் பிந்தித் திறந்து, தீப்பொறியும் பிந்தும். வண்டி இழுக்காது.

மாற்றும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிவிடுவது நல்லது. சாவியை ஆனில் மறந்துவிட்டு, பாயிண்ட்டும் மூடியிருந்தால், காயில் சூடேறிக் கெட்டுவிடும். பழைய பாயிண்ட்டை எடுக்குமுன் கம்பிமுனைகளும் இன்சுலேட்டர் வாஷர்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கம்பிமுனை ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், ஆனால் நடுவிலிருக்கும் தூணைத் தொடக்கூடாது. வாஷர் இடம் மாறினால் மின்சாரம் நேராக எர்த்துக்குப் போய்விடும். எல்லாம் புதிது, தீப்பொறி மட்டும் வராது.

பிறகு ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்றி, குதி கேமின் உச்சியில் ஏறும்போது நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். நடுவழியில் கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பது பழைய தந்திரம். நல்ல அட்டையின் தடிமனும் கிட்டத்தட்ட அதுவே. இடைவெளி அதிகமானால் காயிலில் மின்சாரம் ஏற நேரம் போதாமல் வேகத்தில் மிஸ்ஸிங் வரும். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் தடவலாம், முனையில் படாமல்.

பக்கத்திலேயே ஒரு சிறிய உலோக உருளை இருக்கும்: கண்டென்சர். பாயிண்ட் திறக்கும் கணத்தில் பொறியாகத் தாவப் பார்க்கும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்கிறது. அது செத்தால் புதுப் பாயிண்ட்டும் விரைவில் கருகிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது வழக்கம். ஆனால் இப்போது விற்கும் கண்டென்சர்களின் தரம் பற்றிப் பழைய வண்டிக்காரர்களிடம் முணுமுணுப்பு உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை எறியாமல் டிக்கியில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். அதைச் சரிசெய்ய ஒரு 12 வோல்ட் பல்பே போதும். ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் காயில் கம்பியிலும், மறுமுனையை பாடியிலும் கொடுத்து, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்ப வேண்டும். இன்ஜினை டைமிங் குறிக்குக் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் இடத்தில் பல்பு எரியும். அங்கேயே கிளாம்ப்பை இறுக்கி, சாவியை ஆஃப் செய்துவிட்டு, கழற்றிவைத்த ரோட்டாரையும் மூடியையும் மாட்டிவிடலாம்.