உலோகச் சுவிட்சும் பச்சைக் கம்பியும்

பிளாஸ்டிக் சுவிட்சுகளை எடுத்துவிட்டுப் பளபளக்கும் பித்தளைத் தகடு பதித்தவற்றைப் பொருத்த விரும்புகிறீர்களா? அழகுதான். ஆனால் பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது; பித்தளை நன்றாகவே கடத்தும்.

தகட்டின் பின்னால் மின்கம்பியின் உறை உரிந்து உலோகத்தைத் தொட்டால், 230 வோல்ட்டும் தகட்டில் வந்து நிற்கும். விளக்கு வழக்கம்போல் எரியுமாதலால் யாருக்கும் ஐயம் எழாது. ஈரக் கையுடன் தொடுபவரின் உடல்தடை 1,000 ஓம் எனக் கொண்டால் 0.23 ஆம்பியர் பாயும். சில வினாடிகள் நீடித்தால் 0.05 ஆம்பியரே இதயத்துடிப்பைக் குலைத்துவிடக்கூடும்.

தகட்டை எர்த் கம்பியுடன் இணைத்தால் ஃப்யூஸ் உருகிக் காப்பாற்றும் என்று வகுப்பில் சொல்கிறோம். எப்போதுமா? கணக்கிட்டுப் பாருங்கள். எர்த் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் எனில் 46 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் உடனே உருகிவிடும். கோடையில் எர்த் குழி காய்ந்து தடை 50 ஓம் ஆகிவிட்டால்? 4.6 ஆம்பியர்தான். ஃப்யூஸ் உருகாது! தகட்டில் மட்டுமன்று, அதே எர்த்தில் இணைந்த கிரைண்டரின் உடலிலும் மின்னழுத்தம் ஏறி நிற்கும். ஆகவே, 0.03 ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் வேண்டும்.

பழைய வீடுகள் பலவற்றில் விளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குப் பச்சைக் கம்பி வருவதே இல்லை. அங்கே தகட்டை நியூட்ரலில் இணைத்துவிடலாம் என்பார் சிலர். இணங்காதீர்கள். வழியில் நியூட்ரல் அறுந்தால், சுவிட்சைப் போட்டதும் விளக்கின் வழியாகவே தகட்டுக்கு மின்சாரம் வந்துவிடும். முதலில் பச்சைக் கம்பியை இழுக்கச் சொல்லுங்கள். தகட்டைப் பிறகு வாங்கலாம்.