கல்யாணப் பத்திரிகையா, செயலியா?

“என் கைப்பேசியில் கைரேகைப் பூட்டு இருக்கிறது, யார் என்ன செய்துவிட முடியும்?” பலர் இப்படிச் சொல்கிறார்கள். கைரேகைப் பூட்டு, போனைக் கையில் எடுப்பவனைத்தான் தடுக்கும். நாமே உள்ளே விட்ட செயலியைத் தடுக்காது.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்வோம். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ வரும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பத்திரிகையே அல்ல, ஆண்ட்ராய்டு செயலி. தொட்டவுடனே அது உள்ளே புகுந்துவிடாது. நிறுவ அனுமதி கேட்கும், பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். மாப்பிள்ளை யாரென்று பார்க்கும் ஆவலில் நாம் ‘சரி’, ‘சரி’ என்று தட்டிக்கொண்டே போவோம்! அதன்பின் வங்கி அனுப்பும் ஓடிபி எண், நம் கண்ணில் படுமுன்பே மோசடிக்காரனுக்குப் போய்விடும்.

குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடும்படி பேங்க் நெகாரா 2022-லேயே வங்கிகளிடம் கூறியது. இப்போது வங்கிச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தருகிறோம். இது மேலானதுதான். ஆனாலும் ‘அணுகல்தன்மை’ அனுமதியைப் பெற்ற கள்ளச் செயலி, திரையைப் பார்க்கவும் நமக்குப் பதிலாகத் தட்டவும் முடியும். எனக்கு அதிக அச்சம் தருவது இந்த அனுமதிதான்.

தெரியாமல் நிறுவிவிட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கோ 997 எண்ணுக்கோ உடனே அழையுங்கள்.