ஒளிந்து ஆடுபவனுக்குக் கதை எதற்கு?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. எல்லை என்று காட்ட அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. வரி மாறுகிறது, அதனால் மது பாட்டில் விலை மாறுகிறது, அதனால் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். எல்லா வண்டியையும் நிறுத்துவது எந்தப் போலீஸ்காரராலும் ஆகாது. யாரை நிறுத்தலாம் என்று அவர் கண்ணால் பொறுக்குகிறார். இருக்கைக்கு அடியில் எதையோ வைத்துக்கொண்டு டூவீலரில் வருகிற ஆசாமியும் அவரைக் கண்ணால் அளக்கிறான். இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்? முன்னால் போகும் பஸ் நம்மை மறைக்குமா? நின்று போவதா, நேராகப் போவதா? இருவருக்கும் நடுவே நடக்கும் மோதலில் கை இல்லை, ஆயுதம் இல்லை. கவனம் மட்டும்தான்.

வீடியோ கேம்களில் ஒரு வகை முழுக்க இந்த மோதலின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்டெல்த் என்பார்கள். ஒளிந்து, பதுங்கி, காவலாளியின் முதுகுக்குப் பின்னால் நழுவிப் போகும் ஆட்டம். நம் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறைக்கு இதை 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.' என்று சொன்னால் உடனே புரியும். நார்வேக்காரர்கள் செய்து 2000-ம் ஆண்டின் கடைசியில் வெளியான ஆட்டம் அது. டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள், வேலி போட்ட ராணுவ முகாம், சுழலும் கண்காணிப்புக் கேமரா, அலறும் சைரன். பாதியில் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. செத்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். அதில் வில்லன் யார், அவன் எதைத் திருடினான் என்று கேட்டுப்பாருங்கள், ஆடியவர்களில் பாதிப்பேர் விழிப்பார்கள். எந்தக் கோபுரத்தில் ஸ்னைப்பர் நிற்பான், எந்தக் கேமராவுக்கு அடியில் ஒண்டிக்கொள்ளலாம் என்று கேட்டால் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

அப்படியானால் இந்த வகை ஆட்டத்துக்குக் கதை வேண்டுமா? அதுவும் சினிமா மாதிரி நடிப்பும் இசையும் நெருக்கக் காட்சியுமாக விரியும் கதை? அதற்குப் பதில் சொல்லுமுன் அந்தக் காவலாளியின் மண்டைக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

திரையில் நிற்கும் காவலாளிக்குக் கண் கிடையாது, கணக்குதான் உண்டு. அவன் முகத்திலிருந்து முன்னோக்கி ஒரு கூம்பு விரிவதாகக் கணினி வைத்துக்கொள்கிறது. நீங்கள் அந்தக் கூம்புக்குள் வந்தால் அவன் கண்ணிலிருந்து உங்கள் உடம்புக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பார்க்கிறது. இடையில் சுவர் வெட்டினால் பிழைத்தீர்கள். வெட்டாவிட்டால் அடுத்த கணக்கு: எவ்வளவு தூரம், எவ்வளவு வெளிச்சம், நிற்கிறீர்களா குனிந்திருக்கிறீர்களா, அசைகிறீர்களா. எல்லாம் சேர்ந்து ஒரு மதிப்பெண். அது ஓர் அளவைத் தாண்டினால் சந்தேகம், இன்னோர் அளவைத் தாண்டினால் பிடிபட்டீர்கள். 1998-ல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'தீஃப்' இதில் ஒரு பெரிய பாய்ச்சல். அதன் காவலாளிகளுக்கு ஒரே கூம்பு இல்லை, அடுக்கடுக்காகப் பல. நேர் எதிரே கூர்மையான குறுகிய கூம்பு, ஓரங்களுக்கு மங்கலான அகன்ற கூம்பு. நம் கண்ணுக்கும் நடுப்பார்வைதான் கூர்மை, ஓரப்பார்வை அசைவை மட்டும் பிடிக்கும். காதும் அப்படியே. கம்பளத்தில் நடந்தால் சத்தமில்லை, இரும்புத் தகட்டில் நடந்தால் ஊரே எழும். அந்தச் சத்தம் சுவரைத் துளைத்து நேராகப் போகாமல், கதவு வழியாக அறை அறையாகச் சுற்றித்தான் காவலாளியை அடையும்.

இந்தக் கணக்கெல்லாம் உள்ளே நடக்கிறது. ஆடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? காவலாளி வாய்விட்டுச் சொல்கிறான். 'யாரது?' என்கிறான். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, 'எலியா இருக்கும்' என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு திரும்பிப் போகிறான். நிஜ வாழ்க்கையில் எந்தக் காவலாளியும் தன் மனநிலையை இப்படி ஒலிபரப்ப மாட்டான். ஆனால் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. கட்டியங்காரன் வந்து யார் வருகிறார்கள், என்ன நினைப்பில் வருகிறார்கள் என்று சபைக்குச் சொல்வான். மேடையில் நிற்கும் ராஜாவுக்கு அது காதில் விழாது, நமக்கு மட்டும் விழும். ஸ்டெல்த் காவலாளி ஒரே உடம்பில் ராஜாவும் கட்டியங்காரனும்.

'என்ன இருந்தாலும் இவன் சரியான மடையன், காலடியில் கிடக்கிறேன், பார்க்காமல் போகிறான்' என்று ஆடுகிறவர்கள் சிரிப்பதுண்டு. நான் அவன் கட்சி. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது; அங்கே நாள் முழுதும் ஸ்கேன் படங்களை வாசிக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போன்ற கதிரியக்க நிபுணர்கள் 24 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2013-ல் வெளியான ஆய்வு. நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில், வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரிய ஒரு கொரில்லா உருவத்தைச் சொருகிவைத்தார்கள். 24 பேரில் 20 பேருக்கு அது தென்படவில்லை. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்ததில், தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் கொரில்லா இருந்த இடத்தையே நேராகப் பார்த்திருக்கிறார்கள். கண் பார்த்தது, மனம் கட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. தேர்ந்த டாக்டருக்கே இந்தக் கதி என்றால், கூலிக்கு ரோந்து சுற்றும் காவலாளியைத் திட்டுவதில் நியாயமில்லை.

மனிதக் கவனம் அவ்வளவு குறுகலானது. அதை எங்கே செலவிடுவது என்பதுதான் ஸ்டெல்த் ஆட்டத்தின் சுவை முழுவதும். ஒளிந்திருப்பவர் ஒரே நேரத்தில் காவலாளியின் நடை, விளக்கின் வீச்சு, தரையின் சத்தம், தப்பும் வழி எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறார். எதைப் பார்ப்பது என்று முடிவெடுப்பவர் அவர். சினிமா இதற்கு நேர் எதிரான கலை. படம் பார்ப்பவர்களின் கண் அசைவை அளந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன: தியேட்டரில் நூறு பேர் இருந்தாலும், நன்றாக வெட்டிய காட்சியில் எல்லார் கண்ணும் ஒரே நேரத்தில் திரையின் ஒரே இடத்தில் போய் நிற்கும். முகத்தில், கையில், துப்பாக்கியில். எதைப் பார்ப்பது என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார். அதில்தான் அவர் கெட்டிக்காரத்தனம்.

இரண்டையும் ஒரே வட்டில் போட்டால் என்ன ஆகும்? ஜப்பானின் ஹிடியோ கொஜிமா வாழ்நாள் முழுதும் செய்துபார்த்த சோதனை இது. 1987-ல் எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற வீட்டுக் கணினிக்காகப் போர் விளையாட்டு ஒன்று செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தக் கணினியால் ஒரே நேரத்தில் பல எதிரிகளையும் குண்டுகளையும் திரையில் காட்ட முடியவில்லை. சண்டை காட்ட முடியாது என்றால் சண்டையைத் தவிர்ப்பதையே விளையாட்டாக்கிவிடலாம் என்று அவர் போனதில் பிறந்தது 'மெட்டல் கியர்'. (ஒளிந்து ஆடும் ஆட்டம் அதற்கு முன்பே உண்டு. 1981-ல் சைலஸ் வார்னர் எழுதிய 'காஸில் வோல்ஃபென்ஸ்டைன்' காவலாளிகள் ஆப்பிள் கணினியில் ஜெர்மன் மொழியில் அதட்டினார்கள்.) 1998-ல் பிளேஸ்டேஷனில் 'மெட்டல் கியர் சாலிட்' வந்தபோது கொஜிமாவின் சினிமா வெறி முழுதாக வெளிப்பட்டது. பனியில் நீங்கள் விட்ட காலடித் தடத்தைக் காவலாளி பார்த்துப் பின்தொடர்ந்து வருவான். அது கதையா, விளையாட்டா? பிரிக்கவே முடியாது. நாயகனைச் சித்திரவதை செய்யும் காட்சி ஒன்று உண்டு. அப்போது பட்டனை விடாமல் தட்டித் தாங்கவேண்டியவர் நீங்கள். விட்டுக்கொடுத்தால் மெரில் என்ற பெண்ணின் உயிர் போகும். சினிமாக் காட்சிதான், ஆனால் பொறுப்பு உங்கள் விரலில்.

பத்து வருஷம் கழித்து அதே ஆள், 2008-ல், 'மெட்டல் கியர் சாலிட் 4'. கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஆட்டம் அது, ஆனால் ஆட்டத்துக்காக இல்லை. முடிவுக் காட்சிகளைத் தொடர்ச்சியாகச் சேர்த்தால் 71 நிமிஷம். ஆடுகிறவர் கட்டுப்பாட்டுக் கருவியை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கவேண்டிய காட்சிகள், கட்ஸீன் என்பார்கள். நல்ல காட்சிகள்தான். ஆனால் ஒளிந்து ஆடுபவருக்குள் மெல்ல மெல்ல ஏறும் விழிப்பு ஒன்று இருக்கிறதே, அது இவ்வளவு நேரம் காத்திருக்காது. காதைத் தீட்டிக்கொண்டு இருட்டில் நின்றவரை யாரோ சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிடுகிறார்கள். 2015-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் கொஜிமாவே இதை உணர்ந்தது போலத் தெரிகிறது. நீண்ட விளக்கங்களையெல்லாம் ஒலிநாடாக்களில் போட்டுவிட்டார்; வேண்டுமானால் புல்லில் ஊர்ந்துகொண்டே கேட்கலாம். காவலாளிகளோ கதைசொல்லாமலே கதை ஆனார்கள். நீங்கள் தலையைக் குறிவைத்தே சுட்டால் அடுத்த முறை ஹெல்மெட்டோடு வருவார்கள். ஆனாலும் சினிமா ஆசை விடவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் படத்தில் வருவது போல எழுத்து ஓடும், யார் யார் தோன்றுவார்கள் என்ற பட்டியலோடு. பதுங்கிக் கண்டுபிடிக்கவேண்டிய எதிரியின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடும் அபத்தம் அது.

நீளத்தை விட மோசமான கெடுதல் ஒன்று உண்டு. 2012-ல் வந்த 'ஹிட்மேன்: அப்சொல்யூஷன்' அதற்கு நல்ல உதாரணம். டெர்மினஸ் என்ற ஓட்டலில் மாடி மாடியாக யார் கண்ணிலும் படாமல் ஏறுகிறீர்கள். உலகத்திலேயே தேர்ந்த கொலைகாரன் உங்கள் நாயகன். அறைக்குள் நுழைந்ததும் கட்ஸீன் தொடங்குகிறது. ஒரு முரடனிடம் பச்சைக் குழந்தை போல மாட்டி அடிவாங்கி விழுகிறான். நீங்கள் ஆடியபோது சிக்காதவன் எழுத்தாளர் ஆடும்போது சிக்குகிறான். இவ்வளவு நேரம் கட்டிய திறமை உங்களுடையதே இல்லை என்று ஆட்டமே சொல்லிவிடுகிறது. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதே கோபன்ஹேகன் நிறுவனம் ஆறு வருஷம் கழித்து 'ஹிட்மேன் 2'-ல் மும்பைக்கு வந்தது. குறிவைக்கவேண்டிய மூவரில் தாவூத் ரங்கன் பாலிவுட் தயாரிப்பாளர். அவர் கோபுரத்துக்குள்ளேயே சினிமா ஷூட்டிங் நடக்கிறது. இன்னொருவனின் முகமே தெரியாது. கூட்டத்தில் அவனை நீங்களே அடையாளம் காணவேண்டும். அதே தெருக்களில் வேறொரு கூலிக் கொலைகாரனும் சுற்றுகிறான், சாமர்த்தியம் இருந்தால் உங்கள் வேலையை அவனைக்கொண்டே முடிக்கலாம். இதில் கதைக்குக் குறைவே இல்லை. ஆனால் அது வழியை மறித்து நிற்காமல், கதவுக்குப் பின்னால் பேச்சாகக் கிடக்கிறது. ஒட்டுக்கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் போகும். கவனத்தைப் பிடுங்காமல், கவனித்ததற்குக் கூலியாகக் கதை தருகிற முறை இது. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் இன்னொரு வழி பிடித்தது. அங்கே எதிரிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் சத்தமில்லாமல் கொன்றவனின் பிணத்தைக் கண்டதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கதறுவார்கள். ஒரு வினாடிக் கதறல்தான், கையில் கட்டுப்பாடு இருக்கும்போதே நெஞ்சில் இறங்குகிறது.

ஆக, சினிமாவிடம் எடுக்கவேண்டியது என்ன? ஹிட்ச்காக் ஃபிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் விளக்கிய பிரபலமான பாடம் ஒன்று உண்டு. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேஜையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் சாதாரண அரட்டையும் நகம் கடிக்கவைக்கும். யாருக்கு என்ன தெரியும் என்ற ஏற்றத்தாழ்வில்தான் பதற்றம். தமிழில் வீணை எஸ். பாலசந்தர் 1954-லேயே 'அந்த நாள்' படத்தில் இந்த ஏற்றத்தாழ்வை வேறு விதமாகக் கையாண்டார். பாட்டு இல்லாமல், ஆளுக்கொரு பார்வையில் ஒரு கொலையையும் ஒரு துரோகத்தையும் பிரித்துக் காட்டினார். ஸ்டெல்த் ஆட்டத்தில் மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தக் குண்டு நீங்களேதான். இந்த ஏற்றத்தாழ்வைச் சினிமாவிடமிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கக்கூடாதது அதன் வெட்டும், நம் கண்ணைப் பிடித்துத் திருப்பும் அதன் பழக்கமும். ஆட்டத்தின் முதல் ஐந்து நிமிஷத்திலும் கடைசி ஐந்து நிமிஷத்திலும் அதற்கு விதிவிலக்கு தரலாம், போகட்டும். நடுவில் கூடாது.

புதுச்சேரியில் கேம் செய்யப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. 1908-ல் பாரதி இந்த ஊருக்கு வந்தார். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். ஃபிரெஞ்சு மண் என்பதால் கைது செய்ய முடியாத ஆங்கிலேய அரசு, தெருவுக்குத் தெரு ஒற்றர்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரதியின் 'இந்தியா' இதழ் இங்கே அச்சாகி எல்லைக்கு அந்தப் பக்கம் தடைசெய்யப்பட்டது. எந்த வீட்டு வாசலில் யார் நிற்கிறான், எந்தத் தபால் பிரிக்கப்படும், எந்த ஆள் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறான் என்று தெரிந்துகொண்டே பத்து வருஷம் வாழ்ந்த மனிதர்கள். இதைவிட நல்ல ஸ்டெல்த் களம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? ஒற்றர்கள் அந்தக் காலத்துத் தமிழில் அலுத்துக்கொள்ளட்டும், நாம் திண்ணை மறைவிலிருந்து ஒட்டுக்கேட்போம். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டினார், கடலூர் அருகே கைதானார். அந்த ஆட்டத்தை யார் செய்தாலும் இந்தக் கைதைக் கட்ஸீனாக வைத்துவிடாதீர்கள். ஆடுகிறவரே எல்லை வரை நடந்துபோகட்டும்.