செத்த ஸ்விட்ச் சத்தம் போடாது!

சனிக்கிழமை ராத்திரி, எங்க காலேஜ் லேப்ல கரண்ட் கட். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் தம் கட்டிப் பார்த்துட்டுப் படுத்துடுச்சு. திங்கட்கிழமை கதவைத் திறந்தப்போதான் விஷயமே தெரிஞ்சது. திடீர்னு அணைஞ்சதுல சர்வர் ஃபைல்கள் கரப்ட். ஃபைனல் இயர் சீனியர்ஸோட புராஜெக்ட்டும் அதுல அவுட்! 'அலர்ட் வெச்சிருந்தீங்களே?'ன்னு கேட்பீங்க. வெச்சிருந்தோம். ஆனா, அலர்ட் மெயில் அனுப்ப வேண்டிய சர்வரும் அதே ரூம்ல, அதே யு.பி.எஸ்.லதான் இருந்தது!

இந்தத் தப்பை நீங்க பண்ணிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்.

ரவுட்டர், ஸ்விட்ச், யு.பி.எஸ். எல்லாத்துக்கும் பொது பாஷை எஸ்.என்.எம்.பி. 1988-ல் வந்த சமாச்சாரம், இன்னிக்கும் ஓடுது. இதுல ரெண்டு வழி. கண்காணிக்கிற கம்ப்யூட்டர் அடிக்கடி 'நல்லா இருக்கியா?'ன்னு விசாரிச்சா, அது போலிங். போர்ட் எண் 161. பிரச்னை வந்ததும் கருவியே தகவல் சொன்னா, அது டிராப். போர்ட் எண் 162.

டிராப் சாதாரண தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததான்னு அனுப்பின கருவிக்குத் தெரியாது. 'இன்ஃபார்ம்' கையெழுத்து வாங்குற கூரியர் மாதிரி. பதில் வரலைன்னா மறுபடி அனுப்பும். ஆனா, கரண்ட் போய் செத்த ஸ்விட்ச் எதையுமே அனுப்பாது. அதனால போலிங்கும் கண்டிப்பா வேணும்.

அடுத்தது, அளவு. சாயங்காலம் லேப்ல 60 கம்ப்யூட்டரை அணைச்சா, 60 'லிங்க் டவுன்' டிராப் வரும். பத்து நாள்ல யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அந்த போர்ட்களுக்கு அலர்ட்டை ஆஃப் பண்ணிட்டு, மெயின் ஸ்விட்ச்சுக்குப் போற அப்லிங்க்குக்கு மட்டும் வையுங்க. சிஸ்லாக்ல 0 முதல் 7 வரை அவசர நிலைகள் உண்டு. 0-தான் ரொம்ப மோசம். 7 வெறும் டீபக். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்க 0, 1, 2 போதும்.

மூணாவது, பாதை. இன்டர்நெட் போச்சுங்கற சேதி அதே இன்டர்நெட்ல எப்படி வரும்? கண்காணிக்கிற கம்ப்யூட்டரை வேற பில்டிங்ல, வேற யு.பி.எஸ்.ல வைச்சு, சிம் கார்டு போட்ட மோடம் வழியா எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லுங்க. யு.பி.எஸ்.ல நெட்வொர்க் கார்டு இருந்தா, 'பேட்டரிக்கு மாறிட்டேன்'னு அதுவே டிராப் அனுப்பும். சர்வரை ஒழுங்கா மூட டைம் கிடைக்கும்.

'பப்ளிக்'னு கம்பெனி வெச்ச பாஸ்வேர்டை மாத்துங்க. முடிஞ்சா என்கிரிப்ஷன் உள்ள வெர்ஷன் 3-க்குப் போங்க.

கடைசியா, நீங்களே ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. மொபைல் 'டிங்'னு அடிச்சா பாஸ். அடிக்கலைன்னா, உங்ககிட்ட இருக்கறது அலர்ட் இல்லை... வெறும் நம்பிக்கை!